மொய் நோட்டும் பாக்டீரியாவும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆணி அதிகம். அதுவும் சாதாரண ஆணி இல்லை, பாக்டீரியாவுக்குள்ள புடுங்குற ஆணி :-) ஒருவழியா எல்லாம் முடிஞ்சு, பாரிஸ் போய்ட்டு வந்து, துணியெல்லாம் துவைச்சுப் போட்டுட்டு உக்கார்ந்திருக்கேன்.

முதல்ல ஒரு முன்னறிவிப்பு. இது பயணக் கட்டுரை இல்லை. ஈஃபில் கோபுரம் படம் எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இது நன்றி சொல்றதைப் பத்தின பதிவு. "அட, நன்றி சொல்ல இவ்ளோ பெரிய பதிவா?"ன்னு கேக்காதீங்க. நன்றி சொல்றது இவ்ளோ கஷ்டமான வேலைன்னு எனக்கும் இந்த வருஷம்தான் தெரிஞ்சுது.

விஷயம் என்னன்னா, ஐஜெம்னு ஒரு போட்டி இருக்கு. மாணவர்கள் அணி அணியாச் சேர்ந்து, மரபணுக்களை லெகோ கட்டை மாதிரி ஒட்டவெச்சு, உயிருள்ள செல்லை ஏதாவது உபயோகமான வேலை செய்ய வைக்கணும். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்கான சின்ன வகுப்பாக ஆரம்பித்தது. டாம் நைட், ட்ரூ எண்டி, ராண்டி ரெட்பெர்க் ஆகியோர் இதன் பின்னால் இருந்தவர்கள். 2004இல் அஞ்சே அஞ்சு அணிகளோடு போட்டியானது. 2006இல் எடின்பரோ அணி குடிதண்ணீரில் ஆர்சனிக் இருக்கான்னு காட்டிக்கொடுக்கிற பாக்டீரியாவைச் செய்து காட்டியது. 2012இல் எம்.ஐ.டி.யை விட்டு வெளியே வந்து தனி அமைப்பாகி, 2022 முதல் பாரிஸில் நடக்கிறது. இப்போ நானூறு அணிகளுக்குக் குறையாமல் வருகிறார்கள். நம்ம சென்னை ஐ.ஐ.டி. அணியும் பல முறை போயிருக்கு.

ஜெர்மனியில் நான் முதுகலை படிக்கிற பல்கலைக்கழகத்திலும் ஒரு அணி. பதினோரு பேர். அதில் அடியேனும் ஒருத்தன்.

இந்தப் போட்டியில எனக்குப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. வெண்கலப் பதக்கம் வாங்கணும்னாலே, எந்த வேலையை யார் செஞ்சாங்கன்னு எழுதிக் கொடுத்தாகணும். அணிக்குள்ள யார் என்ன செஞ்சாங்க, வெளியில இருந்து யார் என்ன உதவி பண்ணாங்க, எல்லாம். இதுக்குன்னே ஒரு படிவம் உண்டு. பதக்கத்துக்கு அணிகளுக்குள்ள அடிதடி கிடையாது. விதிப்படி செஞ்ச எல்லாருக்கும் பதக்கம். ஆனா இந்தக் கணக்கைக் கொடுக்கலைன்னா, எவ்ளோ பெரிய விஞ்ஞானம் பண்ணியிருந்தாலும் வெண்கலம்கூடக் கிடையாது.

அந்தப் படிவத்தைப் பூர்த்தி பண்ற வேலை என் தலையில விழுந்தது. "நீதான் நல்லா கதை எழுதுவியே" அப்படின்னாங்க. (நான் தமிழ்ல எழுதுறது அவங்களுக்கு எப்படித் தெரியும்னு தெரியல!)

நன்றி சொல்றதுல நாம ஒண்ணும் குறைஞ்சவங்க இல்ல. ஊர்ல பி.டெக். முடிக்கும்போது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுல முதல் பக்கம் எழுதுவோமே, ஞாபகம் இருக்கா? எல்லாம் வல்ல இறைவன்ல ஆரம்பிச்சு, தாளாளர், முதல்வர், துறைத்தலைவர், அப்புறம் வழிகாட்டி, கடைசியா "பெற்றோர் மற்றும் நண்பர்கள்". தாளாளர் நம்ம ஆய்வகப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனா பேரு மேல நிக்கும். ராத்திரி எட்டு மணிவரைக்கும் சாவியோட காத்துக்கிட்டு இருந்த லேப் அட்டெண்டர் அண்ணன் பேரு தேடினாலும் கிடைக்காது.

இது கல்யாணப் பத்திரிகைல கீழ போடுற "சுற்றமும் நட்பும்" மாதிரி. எல்லாரையும் சொன்ன மாதிரியும் இருக்கும், யாரையும் சொல்லாத மாதிரியும் இருக்கும்.

இன்னொரு வகையும் நம்மகிட்ட உண்டு. கோயில் ட்யூப்லைட்டுல "உபயம்"னு பெருசா எழுதி, வெளிச்சமே வெளிய வராத மாதிரி பண்ணுவோமே, அது. எங்க அணி சட்டையோட முதுகுப் பக்கம் பூரா அப்படித்தான் இருந்தது. காசு கொடுத்த கம்பெனிகளோட சின்னம் வரிசையா.

ஐஜெம் கேக்குறது இது ரெண்டும் இல்லை. அது கேக்குறது மொய் நோட்டு. கல்யாண மண்டபத்து வாசல்ல ஒருத்தர் உக்கார்ந்து எழுதுவாரே: ஊர், பேர், தொகை. "மாமா நிறைய செஞ்சார்"னு எழுத மாட்டார். "501"னு எழுதுவார். அத்தை கொண்டுவந்த குத்துவிளக்கையும் எழுதுவார். பத்து வருஷம் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்தாலும் யார் என்ன செஞ்சாங்கன்னு தெரியும். அன்பு வேற, கணக்கு வேற. ரெண்டும் வேணும்.

சரி, நாங்க என்ன பண்ணோம்னு சொல்லணும்ல? இங்க பக்கத்துல எல்லாம் திராட்சைத் தோட்டம். பூஞ்சை வராம இருக்க தாமிர மருந்து அடிப்பாங்க. நம்ம ஊர்ல மயில்துத்தம், போர்டோ கலவைன்னு சொல்வோமே, அதேதான். இயற்கை விவசாயத்துலயும் இதுக்கு அனுமதி உண்டு. ஆனா தாமிரம் மக்காது, மண்ணிலேயே தங்கிடும். அதனால ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு ஹெக்டேருக்கு ஏழு வருஷத்துல மொத்தம் 28 கிலோதான்னு வரம்பு வெச்சிருக்கு. தண்ணியில தாமிரம் இருந்தா பச்சையா ஒளிர்ற ஈ.கோலை பாக்டீரியா ஒண்ணை உருவாக்கணும், அதுதான் எங்க திட்டம். ஆய்வகத்தை விட்டு வெளிய போகாது, குழாய்க்குள்ளயேதான் இருக்கும். பயந்துடாதீங்க :-)

இப்போ மொய் நோட்டைத் திறக்கிறேன். (யார் பேரையும் இங்க போடப் போறதில்லை. படிவத்துல போட அனுமதி வாங்கினேன், இங்க போட வாங்கல.)

முதல் ஆள், ஒரு திராட்சை விவசாயி. எழுபது வயசு இருக்கும். நாங்க அஞ்சு பேர் போய், பெருமையா எங்க பச்சை விளக்கைப் பத்தி விளக்கினோம். பொறுமையா கேட்டுட்டு, "நான் எவ்வளவு அடிக்கிறேன்னு எனக்குத் தெரியும், கணக்கு வெச்சிருக்கேன். எங்க அப்பா காலத்துல இருந்து அடிச்சது மண்ணுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னுதான் எனக்குத் தெரியாது. உங்க விளக்கு அதைச் சொல்லுமா?"ன்னார். ஒரே கேள்வி. இருக்கா இல்லையான்னு சொல்ற விளக்கு போதாது, எவ்வளவுன்னு சொல்ற அளவுகோல் வேணும்னு எங்க திட்டமே திரும்பிடுச்சு. படிவத்துல எழுதினேன்: "கேள்வி கொடுத்தார்." அணியில ஒருத்தி சிரிச்சா. ஆனா அதை விட்டுட்டா எங்க வேலைக்கு அர்த்தமே இல்லைன்னு அவளே அப்புறம் ஒத்துக்கிட்டா.

ரெண்டாவது, எங்க கட்டடத்துல கண்ணாடிப் பாத்திரம் கழுவுற அறையில வேலை பாக்குற அம்மா. காலைல ஆறரைக்கு வந்துடுவாங்க. குடுவைகளைக் கழுவி, ஆட்டோக்ளேவ்ல 121 டிகிரியில வேகவெச்சு எடுத்து வைப்பாங்க. (ஆட்டோக்ளேவ்னா பெரிய சைஸ் ப்ரஷர் குக்கர், அவ்ளோதான்.) அதுல ஒரு நாள் பிசகினா எங்க தட்டுல எங்க பாக்டீரியா வளராது, ஊர்ல உள்ளதெல்லாம் வளரும். ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஒரு நாள்கூடப் பிசகல. பட்டியல் போடும்போது அவங்க முதல் பேரு என்னன்னு கேட்டேன். அறையில ஒருத்தருக்கும் தெரியல. குடும்பப் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. நேர்ல போய்க் கேட்டேன். "எதுக்கு?"ன்னாங்க. சொன்னேன். கையைத் துடைச்சுட்டு, என் பேனாவை வாங்கி அவங்களே எழுதிக் கொடுத்தாங்க. எழுத்துப் பிழை வந்துடக் கூடாதுன்னு ரெண்டு தடவை சரிபார்த்தாங்க.

மூணாவது, தமிழ்க்கடை அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர். இந்தப் போட்டிக்குப் பதிவுக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர். அதுக்குமேல ரயில், தங்குமிடம். பல்கலைக்கழகக் கோடை விழாவுல கடை போட்டுக் காசு சேர்க்கலாம்னு முடிவு பண்ணோம். ஜெர்மன்காரங்க கேக் செஞ்சாங்க. நான் அண்ணா கிட்ட போய் மட்டன் ரோல்ஸ் நூறு, விலை என்னன்னு கேட்டேன்.

"தம்பி, காசு கதைக்க வேண்டாம். கொண்டுபோய் வித்துப்போட்டு வாங்கோ. மிஞ்சினா நீங்களே சாப்பிடுங்கோ."

மிஞ்சவே இல்லை. ஒண்ணரை மணி நேரத்துல காலி. கேக் மிஞ்சிச்சு :-) சட்டையில போட உங்க கடைச் சின்னம் கொடுங்கண்ணான்னா, அவர்கிட்ட சின்னமே இல்லை. "என்ர பேர் போடாட்டியும் பரவாயில்லை, நல்லபடியாச் செய்துபோட்டு வாங்கோ" என்றார். மொய் நோட்டுக்குச் சின்னம் எதுக்கு? "நூறு மட்டன் ரோல்ஸ்"னே எழுதிட்டேன். பாரிஸ்ல வேற நாட்டு மாணவி ஒருத்தி இதைப் படிச்சுட்டு, "ரோல்ஸ்னா என்ன?"ன்னு என்னைத் தேடி வந்து கேட்டா.

இதெல்லாம் சுலபமான வரிகள். கஷ்டமான வரி ஒண்ணு இருந்துச்சு.

ஜூலையில எங்க பாக்டீரியா எங்களைப் படாத பாடு படுத்திச்சு. தாமிரம் போட்ட குழாயும் பச்சை, போடாத குழாயும் பச்சை. எல்லாமே ஜொலிக்குது, தீபாவளி மாதிரி. ஆறு வாரம் இப்படியே போச்சு. மேல்மாடியில வேற ஒரு ஆய்வகத்துல கோயம்புத்தூர் அக்கா ஒருத்தங்க இருக்காங்க, முனைவர் பட்டம் முடிச்சுட்டு ஆராய்ச்சியில இருக்காங்க. எங்க அணிக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லை. காபி மெஷின் பக்கத்துல என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "என்ன கண்ணு, பேதி மாத்திர சாப்ட்டவனாட்ட இருக்க?"ன்னு ஆரம்பிச்சாங்க. சொன்னேன். படத்தைப் பார்த்தாங்க. நீங்க வெச்சிருக்கிற பிளாஸ்மிட் ஒரு செல்லுக்குள்ளயே நூத்துக்கணக்குல பெருகும், அத்தனையையும் அடக்கி வைக்க செல்லுல இருக்கிற புரதம் பத்தாது, அதனால கசியுதுன்னாங்க. கம்மியாப் பெருகுற பிளாஸ்மிட்டுக்கு மாத்துங்க, வளர்க்கிற கரைசலையும் மாத்துங்க, ஏன்னா அதுலயே கொஞ்சம் தாமிரம் இருக்கும் அப்படின்னாங்க. அடுத்த வாரம் எங்க பதினோரு பேருக்கும் பரீட்சை. அந்த சனி, ஞாயிறுல அக்காவே உக்கார்ந்து மரபணுவைப் புது பிளாஸ்மிட்டுக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க. தாமிரம் இல்லாத குழாய் முதன்முறையா இருட்டா இருந்துச்சு.

இதை எப்படி எழுதுறது?

அணியில பெரிய விவாதம். எங்க ஒருங்கிணைப்பாளர் நல்ல பையன், கெட்ட எண்ணம் கிடையாது. "ஆலோசனை வழங்கினார்னு எழுதினா போதுமே. முக்கியமான படியை வெளி ஆள் செஞ்சாங்கன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, நடுவர்கள் நாம ஒண்ணுமே செய்யலைன்னு நினைப்பாங்க. பதினோரு பேரோட ஏழு மாச உழைப்பு"ன்னான். நாலைஞ்சு பேர் தலையாட்டினாங்க. அவன் பயம் நியாயம்தான். ஆனா ஆலோசனைங்கறது வாயால சொல்றது. அக்கா செஞ்சது கையால. ரெண்டும் ஒண்ணு இல்லையே? நான் அதைத்தான் சொன்னேன்.

அப்போதான் அவங்களுக்கு ரெண்டு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

முதல் கதை, எங்க தட்டுல ஊத்துற அகார் பத்தி. நம்ம ஊர்ல கடல்பாசின்னு சொல்வோம். நோன்பு மாசத்துல பக்கத்து வீட்டு லாத்தா பாலும் சர்க்கரையும் போட்டு உறையவெச்சு, வில்லை வில்லையா வெட்டிக் கொடுத்தனுப்புவாங்க. அதேதான். 1881 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸவுக்கு ஒரு தலைவலி. பாக்டீரியா வளர்க்கிற ஜெலட்டின் வெயிலில் உருகிப்போகும், சில பாக்டீரியா அதைத் தின்றே கரைத்துவிடும். அவருக்கு வேலையில் உதவியாக இருந்த மனைவி ஃபானி ஹெஸ்ஸ, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு அண்டை வீட்டார். 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஹெஸ்ஸ தம்பதியைக் குறிப்பிடவில்லை. அகார் ஊற்றுகிற தட்டுக்கு, 1887இல் அதை விவரித்து எழுதிய பெட்ரியின் பெயர் இன்றுவரை நிற்கிறது. தட்டுக்குப் பேர் இருக்கு, உள்ள இருக்கிறதைச் சொன்னவங்களுக்குப் பேர் இல்லை. அந்த ஜாவா அண்டை வீட்டுக்காரர் பேரு சுத்தமாவே காணாமப் போச்சு.

ரெண்டாவது கதை, எங்க பச்சை ஒளியைப் பத்தி. ஜெல்லி மீனிலிருந்து அந்தப் பச்சைப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டவர் டக்ளஸ் பிராஷர். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோனது. கையில் இருந்த மரபணுவைக் கேட்ட மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியனுக்கும் அனுப்பிவைத்துவிட்டார். 2008இல் அந்தப் புரதத்துக்காக வேதியியல் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியன் மூவருக்கும் கிடைத்தபோது, பிராஷர் அலபாமாவில் ஒரு கார் விற்பனைக் கடையில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நோபல் பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. அது விதி. ஆனா ஒண்ணு கவனிங்க. 1994இல் சால்ஃபி வெளியிட்ட கட்டுரையில் பிராஷர் பேரும் ஆசிரியராக இருக்கு. பரிசு வாங்கினவங்க அவர் பங்கை வெளிப்படையாச் சொன்னாங்க. ஸ்டாக்ஹோம் விழாவுக்குத் தங்கள் செலவில் அவரையும் அவர் மனைவியையும் கூட்டிப்போனார்கள். நமக்கு இன்னிக்கு பிராஷர் யாருன்னு தெரியுதுன்னா, அது பேரு எழுதி வெச்சதால. மூணு பேருதான்னு விதி போட்டவங்களால மொய் நோட்டைக் கிழிக்க முடியல.

அறையில கொஞ்சம் அமைதி. சரி, எழுதலாம்னு முடிவாச்சு. சந்தோஷமா மாடிக்குப் போய் அக்கா கிட்ட சொன்னா, அவங்க முகம் மாறிடுச்சு.

"பேரெல்லாம் வேண்டாம் கண்ணு."

எனக்குப் புரியல. அடக்கமாச் சொல்றாங்கன்னு நினைச்சேன். அது அடக்கம் இல்லை. அவங்க சம்பளம் வேற ஒரு திட்டத்தோட பணத்துல வருது. ஒப்பந்தம் பிப்ரவரியோட முடியுது. இங்க ஆராய்ச்சியாளர்களுக்கு 2007இல் வந்த சட்டம் ஒண்ணு உண்டு. பட்டத்துக்கு முன்னால ஆறு, பின்னால ஆறு வருஷம், அதுக்குள்ள நிரந்தர வேலை அமையலைன்னா தற்காலிக ஒப்பந்தம் கிடைக்கிறது ரொம்பச் சிரமம். "எங்க பாஸ் இதப் பாத்துட்டு, இதுக்கெல்லாம் உனக்கு எப்படி நேரம் கிடைச்சுதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"ன்னாங்க.

பாருங்க, பேரு போடுறது நல்ல காரியம்னு நாம முடிவு பண்ணிட்டா போதாது. யாரு பேரோ, அவங்ககிட்ட கேக்கணும். மொய் எழுதுறதுக்கு முன்னாடி "என்ன பேருல எழுதட்டும்?"னு கேப்பாங்கல்ல, அது சும்மா இல்லை. வேணாம்னா போட மாட்டோம்க்கா, ஆனா நாங்க செஞ்சதாவும் எழுத மாட்டோம், வெளியாள் ஒருத்தர் செஞ்சாங்கன்னு பேரில்லாம எழுதிடறோம்னு சொன்னேன். "ரெண்டு நாள் டைம் குடு"ன்னாங்க.

ரெண்டாம் நாள் சாயங்காலம் அவங்களே கீழ வந்தாங்க. பாஸ் கிட்ட நேராவே சொல்லிட்டாங்களாம். சனி, ஞாயிறு சொந்த நேரத்துல பண்ணதுன்னும் சொல்லியிருக்காங்க. அந்த மனுஷன் சிரிச்சுட்டு, "அப்போ பிளாஸ்மிட் நம்ம ஃப்ரீசர்ல இருந்துதானே போச்சு? ஆய்வகத்தோட பேரையும் போடச் சொல்லு"ன்னாராம். அந்த வரியை அக்காவே எழுதினாங்க. என்ன தேதி, என்ன செஞ்சாங்க, எது வரைக்கும் செஞ்சாங்க. "இதுக்கப்புறம் எல்லாம் அணி செய்தது"ன்னு கடைசியில அவங்களே சேர்த்தாங்க.

அந்தக் கடைசி வரிதான் பாரிஸ்ல எங்களைக் காப்பாத்திச்சு. நடுவர் ஒருத்தர் நேரா அங்கதான் விரலை வெச்சார். "இதை நீங்க செய்யலையே?" எங்க ஒருங்கிணைப்பாளர் எழுந்தான் (ஆமா, அதே பையன்தான்). அக்கா பேரைச் சொல்லி, இதுவரைக்கும் அவங்கன்னு சொன்னான். அப்புறம் ஏன் அந்த மாற்றம் வேலை செஞ்சுதுன்னு பலகை இல்லாமலே விளக்கினான். பிறகு எட்டு வெவ்வேறு தாமிர அளவு, ஒவ்வொண்ணுக்கும் மூணு குழாய், நாங்க எடுத்த வளைகோடு, விவசாயி கேட்ட "எவ்வளவு". அடுத்தவங்க பங்கைத் தெளிவா எழுதினதால, எங்க பங்கு எங்க ஆரம்பிக்குதுன்னு எங்களுக்கே தெளிவாத் தெரிஞ்சிருந்தது.

தங்கம் வரல. வெள்ளி. அதுக்கும் அந்த வரிக்கும் சம்பந்தம் இல்லை, எங்க மாதிரிக் கணக்கு பலவீனம், அதை நடுவர்கள் எழுதியே கொடுத்துட்டாங்க.

அக்காவுக்கு இதனால ஏதாவது லாபமான்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் இல்லை. ஒப்பந்தம் பிப்ரவரியோடதான் முடியுது. வேற ஊர்ல ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க. ஒரு படிவத்துல இருக்கிற நாலு வரி யாருக்கும் வேலை வாங்கித் தராது. ஆனா அந்த சனி, ஞாயிறு காணாமப் போகல.

இப்போ ப்ராஜெக்ட் பண்ணிக்கிட்டு இருக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. கடைசி வாரம் உக்கார்ந்து ஞாபகப்படுத்திப் பட்டியல் போடாதீங்க. முதல் நாள்ல இருந்தே லேப் நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு வரி எழுதிட்டு வாங்க: தேதி, பேர், என்ன செஞ்சாங்க. பேரை அவங்க கையாலேயே எழுதச் சொல்லுங்க. போடலாமான்னும் கேட்டுடுங்க.

சரி மக்களே, உங்க மொய் நோட்டுல விட்டுப்போன பேரு ஏதாவது இருந்தா யோசிச்சுப் பாருங்க. நான் தமிழ்க்கடைக்குக் கிளம்புறேன். பாரிஸ் எப்படி இருந்துச்சுன்னு அண்ணா மூணு நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கார்.